கண்ணாடிக்குள் ஓடும் கிரிக்கெட்: குன்னூர் சலூன் ஒன்றைப் பற்றி

முடிவெட்ட 130 ரூபாய், சவரத்துக்கு 70. குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட் பக்கம் ஏறும் படிக்கட்டில் பாதி வழியில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகையில் பெயர் போய்விட்டது. ‘லூன்’ என்ற இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். நாற்காலி இரண்டு, சுழல்வது ஒன்று. நான் முப்பத்தொரு வருடம் இந்த மலையில் அரசு பஸ் கண்டக்டராக இருந்தவன். கோத்தகிரி, மஞ்சூர், ஊட்டி என்று எந்தத் தடத்தில் ஓடினாலும் மாதம் ஒருமுறை தலையைக் கொடுப்பது இந்தக் கடையில்தான். ஓய்வு பெற்ற பிறகு சவரத்துக்கும் இங்கேயே வருகிறேன். வீட்டில் கை நடுங்குகிறது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். கை நடுங்கவில்லை. பேச ஆள் வேண்டும்.

வேலையைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. டிசம்பரில் இங்கே கத்தரிக்கோல் காதோரம் பட்டால் பனிக்கட்டி வைத்ததுபோல் சுரீரென்று இருக்கும். சலூன்காரர் ஒரு தகரக் குவளையில் வெந்நீர் ஊற்றி, கத்தரிக்கோலையும் இரும்புச் சீப்பையும் அதில் முக்கித் துடைத்துவிட்டுத்தான் தலையில் வைப்பார். பிளேடு ஆளுக்குப் புதிது; கண்ணெதிரே உறையைப் பிரித்துப் பாதியாக ஒடிப்பார். சவரம் முடிந்ததும் படிகாரக் கல். மிஷினைச் சின்னப் பையன்களுக்கு மட்டும் எடுப்பார். என்னைப் போன்றவர்களுக்குக் கத்தரிக்கோல்தான். தேயிலைச் செடிக்குக் கவாத்து போட்டாற்போல மட்டம் பிசகாமல் நிற்கும். ஒரே ஒரு புகார்: துண்டு. மழைக்காலத்தில் குன்னூரில் எந்தத் துணிதான் காய்கிறது? இருந்தாலும் முகத்தில் போடும் துண்டில் ஜூலை முழுக்க ஒரு புழுக்க வாடை அடிக்கிறது. சொல்லிப் பார்த்துவிட்டேன். ‘மேகம் கலையட்டும், கண்டக்டர் அண்ணா’ என்கிறார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது துண்டைப் பற்றி அல்ல.

தமிழ்நாட்டில் பழைய சலூன்களிலும் டீக்கடைகளிலும் ‘இங்கே அரசியல் பேசாதீர்கள்’ என்று எழுதி மாட்டியிருப்பார்கள். இந்தக் கடையில் மாட்டியிருக்கும் பலகை வேறு: ‘கிரிக்கெட் பேசாதீர்கள்’. அரசியல் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். முதல்முறை வருகிறவர்கள் வேடிக்கைக்கு எழுதியதாக நினைத்துச் சிரிப்பார்கள். பெரிய கண்ணாடியின் வலது மேல் மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது. அதைப் பார்த்தால் காரணம் புரியும்.

இவருடைய அப்பா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964இல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் அங்கிருந்த தோட்டத் தமிழர்களைப் பங்கிட்டுக் கையெழுத்திட்டார்கள்; 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். டிக்கெட் புத்தகத்தில் மீதியைக் கணக்கெடுப்பதுபோல என்று எனக்குத் தோன்றும். பெரியவர் முதல் கணக்கில் வந்தவர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. கைக்குழந்தையாக வந்தவர்தான் இப்போது நமக்கு முடி வெட்டுகிறவர். கொழுந்து பறிக்க வந்த குடும்பம். பெரியவர் மட்டும் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டார்.

1996 மார்ச் 13. கொல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் இலங்கையும். கடையில் அன்று நானும் இருந்தேன். ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் விழுந்ததும் கடை குலுங்கியது. பிறகு இலங்கையின் அரவிந்த டி சில்வா வந்து 47 பந்தில் 66 அடித்தார். பெரியவர் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அதிகமில்லை, நாலு தட்டு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு, டெண்டுல்கர் 65இல் ஸ்டம்பிங் ஆகி, அதன் பிறகு மட மடவென்று சரிந்து 120க்கு 8 விக்கெட் என்று ஆகி, கூட்டம் பாட்டில் எறிந்து, ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி என்று அறிவித்தபோது அந்த நாலு தட்டு எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ‘இந்தச் சோற்றைத் தின்றுகொண்டு அந்த நாட்டுக்குக் கை தட்டுகிறாயா?’ என்று ஒருவர் பவுடர் டப்பாவை எடுத்து எறிந்தார். பெரியவர்மேல் படவில்லை. கண்ணாடியில் பட்டது.

எறிந்தவர் பெயரைச் சொல்லமாட்டேன், இப்போது இல்லை. அன்று நான் எழுந்து நின்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ்ஸில் ஐம்பது பேரை அதட்டுகிறவனுக்கு அன்று வாய் வரவில்லை.

மறுநாள் பலகை ஏறியது. கண்ணாடியை மாற்றவில்லை. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. முதுகுவலியோடு 136 அடித்த டெண்டுல்கர் வீண். ஆனாலும் சென்னைக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கை தட்டியது, அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, விரிசலுக்குமேல் பசை தடவி ஒட்டினார் பெரியவர். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. படம் இன்னும் இருக்கிறது, பழுப்பேறி, ஓரம் சுருண்டு.

இலங்கைச் சுழல்பந்து வீச்சாளர் முரளிதரன்மீது அவருக்குத் தனிப் பிரியம். முரளியின் தாத்தாவும் இந்தப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு அங்கே போனவர்தான். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட் எடுத்தபோது, அவுட்டானவர் இந்தியாவின் ஓஜா. பெரியவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. மகன் அன்று கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம் பலகையைக் காட்டினார்.

இப்போது பலகைக்குக் கீழேயே கிரிக்கெட் பேச்சு ஓடுகிறது. அதுவும் கண்ணாடிக்குள். டிவி பின்சுவரில் இருப்பதால் நாற்காலியில் இருக்கிறவன் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். கோலி இடது கையால் ஆடுவார், ஜெய்ஸ்வால் வலது கையால். இடதுசாரி வலதுசாரியாகிவிடுவார், ஆனால் அது கண்ணாடி இல்லாமலும் நடக்கிறது என்பது இவருடைய நிரந்தர நகைச்சுவை. எண்கள் தலைகீழாகத் தெரிவதால் ஸ்கோரை வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. கேட்டதும் அவர் ஸ்கோரோடு அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்வார். கழுத்தில் கத்தி இருக்கும்போது மறுத்துப் பேச முடியாது என்பதை முதல்முறை போகிறவர்கள் கவனத்தில் கொள்க. அவருக்கு விருப்பமான வாதங்களைச் சவரத்துக்கென்றே எடுத்து வைத்திருக்கிறார். வெறும் முடிவெட்டுக்கு வருகிறவர்களிடம் சினிமாதான்.

2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை. ஆனாலும் ஷட்டரைப் பாதி ஏற்றி வைத்திருந்தார். குனிந்து உள்ளே போனோம், ஏழெட்டுப் பேர். சாயங்காலம் பா.ஜ.க. 240இல் நின்றது. கண்ணாடியில் 042. கையில் நுரையோடு நின்றவர், ‘240 என்ற எண்ணின் ராசியே இதுதான்’ என்றார். யாருக்கும் புரியவில்லை. ‘போன நவம்பரில் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நாம் எடுத்தது எத்தனை?’ 240. அங்கே தோற்க வைத்த எண், இங்கே ஆட்சியைக் கொடுத்துவிட்டது. ஆனால் பெரும்பான்மைக்கு 272 வேண்டியதற்கு நாயுடுவையும் நிதிஷையும் கூப்பிட வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை இதே மனிதர் கடையை முன்கூட்டியே சாத்திவிட்டு அழுதார் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது இங்கே தேவையில்லாதது. எங்கள் தொகுதிக்கு வேறொரு பெருமை இருக்கிறது. 2014இல் நீலகிரியில் நோட்டாவுக்கு விழுந்த ஓட்டு 46,559. நாட்டிலேயே எந்தத் தொகுதியிலும் அவ்வளவு விழவில்லை. பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆனதால்தான் என்று ஒரு கட்சி, பச்சைத் தேயிலை விலையால்தான் என்று இன்னொரு கட்சி. சலூனில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. ஒரு கிலோ இலைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் முகம் சுருங்காத சிறு விவசாயியை இந்த மலையில் நான் இன்னும் பார்க்கவில்லை. குறைந்தபட்ச ஆதார விலை என்று ஒவ்வொரு தேர்தலிலும் மேடையேறும். ஓட்டு எண்ணியதும் மேட்டுப்பாளையம் இறங்கிவிடும்.

இவருக்கும் எனக்கும் தீராத சண்டை தலைமை பற்றியது. எனக்குக் காமராஜர். ஒன்பது வருடத்துக்கு மேல் முதல்வராக இருந்துவிட்டு, 1963இல் கட்சி வேலைக்கு என்று தானாக இறங்கினார். 1967இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். தோற்றவர்மீதும் எனக்கு மரியாதை குறையவில்லை. இவருக்கு டோனி. 2014இல் மெல்போர்னில் டெஸ்ட் டிரா ஆனதும் சத்தமில்லாமல் விலகினார், 2017இல் தலைமையைக் கோலியிடம் கொடுத்துவிட்டு அவருக்குக் கீழேயே ஆடினார் என்பார். ‘சரி, ஐ.பி.எல்.லில் மட்டும் ஏன் இறங்க மனம் வரவில்லை? நாற்பது தாண்டியும் கையுறையை மாட்டிக்கொண்டு நிற்கிறாரே’ என்று கேட்டால் கத்தரிக்கோல் சத்தம் கூடும். முல்தானில் சச்சின் 194இல், இரட்டைச் சதத்துக்கு ஆறு ரன் பாக்கி இருக்கும்போது, இன்னிங்ஸ் போதும் என்று டிராவிட் டிக்ளேர் செய்தது சரியா என்ற வழக்கு 2004இலிருந்து நிலுவையில் இருக்கிறது. சரி என்பது என் கட்சி. பஸ் புறப்படும் நேரம் வந்தால் எம்.எல்.ஏ.வே படியேற வந்தாலும் விசில் அடிக்க வேண்டும். ‘ஒரு ஓவர் பொறுத்தால் பஸ் என்ன பள்ளத்திலா விழுந்துவிடும்?’ என்பார் அவர்.

போன மாதம் ஒரு பையன் வந்திருந்தான். தோட்டத்தில் வேலை, ஊர் ஜார்க்கண்ட். இப்போது நிறையத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பது அவர்கள்தான். வந்து ஆறு மாதமாம், தமிழ் தட்டுத் தடுமாறி வருகிறது. டிவியில் பழைய ஆட்டத்தில் டோனி சிக்ஸர் அடிக்க, ‘எங்கள் ராஞ்சி’ என்று நெஞ்சைத் தொட்டான். வரிசையில் இருந்த ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. ‘ராஞ்சியா? அவர் எங்கள் தல. சென்னை.’ குரல் கொஞ்சம் உயர்ந்தது. பையன் நுரை பூசிய முகத்தோடு திரும்பிப் பார்த்தான். விளையாட்டா, நிஜமா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இந்த முறை நான் எழுந்தேன். எழுந்து என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் சலூன்காரர் கத்தியின் பின்புறத்தால் பலகையைத் தட்டினார், டக் டக்கென்று இரண்டு முறை. பேச்சு நின்றது. பையனின் தலையை மெதுவாக முன்பக்கம் திருப்பி, சவரத்தைத் தொடர்ந்தார். அவனிடம் எவ்வளவு வாங்கினார் என்று கவனித்தேன்: எழுபதுதான். வெளியூர்க்காரர்களுக்கு ஏற்றிச் சொல்லும் கடைகள் இந்த ஊரில் உண்டு.

குழந்தைகளுக்கும் வெட்டுவார், நாற்காலிக் கைகளின்மேல் பலகை போட்டு உட்கார வைப்பார். 2025 நவம்பரில் நம் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பை வாங்கிய மறுநாள், என் பேத்தி கிராப்பு வெட்டிக்கொள்ளவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஷெஃபாலி வர்மா சிறு வயதில் முடியை வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடினாராம். கூட்டிப் போனேன். ‘அம்மாவிடம் கேட்டாயா?’ என்று அவளிடம் கேட்டார், ‘கேட்டேன்’ என்றாள், வெட்டிவிட்டார். வீட்டில் எனக்கு விழுந்த திட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் குழந்தையின் பேச்சை மட்டும் நம்பிக் கத்தரிக்கோல் எடுக்கிறவர் என்று பதிவு செய்கிறேன்.

ஞாயிறு காலை போகாதீர்கள், இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரும். ஆட்டம் இருக்கும் சாயங்காலம் போனால் விக்கெட் விழும்போது கத்தியை எடுத்துவிடுவார், பயமில்லை. ஆனால் சிக்ஸருக்கு எடுப்பதில்லை. சுழலாத நாற்காலியில் உட்கார்ந்தால் டிவியில் பாதி, ஒட்டிய படத்துக்குப் பின்னால் போய்விடும். செல்போனில் பணம் அனுப்பும் வசதி ஒட்டியிருக்கிறது, மேகம் இறங்கினால் சிக்னல் கிடைப்பதில்லை. சில்லறையாகக் கொண்டுபோங்கள். கண்டக்டராகச் சொல்கிறேன்.