நாற்பது தாண்டியவர்களுக்கு டேர்ஃப் சப்பாத்து: வன்னித் தரையில் எடுபடுமா?

கோடையில் வன்னி உதைபந்தாட்ட மைதானம் என்றால் புல் பாதி, இறுகிய செம்மண் பாதி. அங்கே அடியில் உயரமான ஸ்டட்ஸ் (பிடிமானக் குமிழ்கள்) வைத்த பூட்ஸ் போட்டால் ஸ்டட்ஸ் மண்ணுக்குள் இறங்காது. உடம்பின் பாரம் முழுக்க அந்தப் பத்துப் பன்னிரண்டு முனைகளிலேயே நிற்கும். இருபது வயதில் அது தெரியாது. நாற்பதில், மறுநாள் கட்டிலால் இறங்கும்போதே குதிக்காலின் பின் நரம்பு இழுக்கும்.

டேர்ஃப் சப்பாத்தின் அடியில் நிறையச் சின்ன ரப்பர் குமிழ்கள், அதற்கு மேல் ஒரு மெத்தென்ற அடுக்கு. பாரம் பரவும், சட்டென்று திரும்பினாலும் கால் தரையில் இறுகிக்கொள்ளாது. கோடைக்கு இதை விட்டால் வேறில்லை. மாரிக்கு வேண்டாம்: ஈரச் செம்மண் குமிழ்களுக்கிடையில் அப்பினால் அடி மொழுமொழுவென்று வழுக்கும்.

வாங்குவதென்றால் பின்னேரம் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். விளையாடும் மேஸோடு போட்டு, பெருவிரலுக்கு முன்னால் அரை விரலளவு இடம் இருக்கிறதா பாருங்கள். கையால் வளைத்தால் விரல்களின் அடியில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இன்சோல் கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது, தட்டையாகிப் போனபின் மாற்றலாம்.

பலவீனம் முன்பக்கம்தான். மலிவான ரகங்களில் அடி வெறும் பசையில் நிற்கிறது. வெயிலில் காயவைத்தால் பசை விட்டு வாய் பிளக்கும். பாவிக்க முன்னமே சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து நைலோன் நூலால் சுற்றித் தைத்துவிடுங்கள். கழுவினால் உள்ளே பேப்பர் திணித்து நிழலில் வையுங்கள்.

ஆனால் சப்பாத்து வயதைக் குறைக்காது. 2009 இல் 40 வயதில் ஓய்வுபெற்ற இத்தாலிய வீரர் மால்டினி, கடைசிக் காலத்தில் இடது பின்களத்தை விட்டு நடுப் பின்களத்துக்கு வந்துவிட்டார். 2014 வரை மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு ஆடிய ரயன் கிக்ஸும் கோட்டோரம் ஓடும் விங்கை விட்டு நடுக்களத்துக்குப் போனார், யோகாவும் செய்தார். எங்கள் பக்கத்து மூத்த விங்கர்கள்தான் கோட்டோரத்தை விடமாட்டார்கள்! அப்படியானவர்களின் பின்தொடைத் தசையை எந்தச் சப்பாத்தும் காப்பாற்றாது.

அதற்கு நோர்டிக் பயிற்சி செய்ய வேண்டும்: முழங்காலில் நின்று, பின்னால் ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, இடுப்பை மடிக்காமல் மெல்ல முன்சாய்ந்து கையூன்றுவது. பீஃபா 11+ பயிற்சித் திட்டத்தில் தொடக்கநிலைக்கு 3 முதல் 5 தடவை மட்டுமே. முதல்நாளே 15 செய்தால் இரண்டு நாளைக்குக் குந்தி எழும்ப முடியாது. ஆட்டத்துக்கு முதல்நாள் அறவே வேண்டாம்.