மண் சோதனைப் பெட்டி: தழைச்சத்து மட்டும் சொதப்பல்

விலை பாதியாகிவிட்டதே, வாங்கலாமா என்று பக்கத்துப் பாத்தி அண்ணன் கேட்கிறார். கேப்சூலை உடைத்துக் கொட்டி நிறம் பார்க்கும் அந்தப் பெட்டியைத்தான். ஓராண்டுக்கு மேலாக என்னிடம் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் 2.5 மீட்டர் நீளப் பாத்தி, வீட்டு வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி, இரண்டிலும் பார்த்தாயிற்று.

எரிச்சல் முழுக்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) சோதனையில்தான். ஒரு பங்கு மண், ஐந்து பங்கு தண்ணீர், குலுக்கி வைத்தால் நம் களிமண் தெளிய ஒரு ராத்திரி போய்விடும், சரி, பொறுக்கலாம். அப்புறம் தூளைப் போட்டால் இளஞ்சிவப்பு வரும். ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையில் 'குறைவு', 'போதும்' இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே இளஞ்சிவப்பு! வீவக (அரசு அடுக்குமாடி) தாழ்வாரத்து விளக்கில் ஒன்று தெரியும், வெளியே வந்தால் வேறொன்று, மனைவியைக் கேட்டால் மூன்றாவது பதில். சரியாகவே படித்தாலும் என்ன, தழைச்சத்தான நைட்ரேட் களிமண்ணில் ஒட்டாது, தண்ணீரோடு இறங்கிவிடும். டிசம்பர் மழை ஒன்று கொட்டினால் நேற்றைய முடிவு நேற்றோடு சரி. அடி இலை மஞ்சளாவதைப் பார்த்தே வெண்டைக்குப் பசி என்று கண்டுபிடித்துவிடலாம், காசில்லாமல்.

ஆனால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) சோதனையைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். தொட்டி மண்ணில் மை கொட்டியதுபோல் நீலம், எந்த வெளிச்சத்திலும் சந்தேகமே இல்லை. இங்கே எல்லோரும் கோழி எருவை அள்ளிப் போடுகிறோம், அதிலுள்ள மணிச்சத்தான பாஸ்பேட், நைட்ரேட் மாதிரி ஓடிப்போகாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு சேரும். மிதமிஞ்சினால் செடி இரும்பை எடுக்கவிடாது. கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது ஏன் என்று அன்றுதான் உறைத்தது. எருவை நிறுத்தி, சில மாதங்களில் கொழுந்து தேறியது. அதனால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

சாம்பல்சத்து (பொட்டாசியம்), அமில காரச் சோதனை இரண்டும் பரவாயில்லை. இதற்குப் பதில் மண்ணில் குத்திப் பார்க்கும் மூன்று முள் மீட்டர் வாங்கலாமா என்றால், ஐயோ வேண்டாம். மண்ணில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது, உப்புத் தண்ணீரில் குத்தினாலும் சத்து ஏராளம் என்று காட்டும்.

அண்ணே, பாதி விலைக்கும் வாங்காதீர்கள். மணிச்சத்துக் கேப்சூல் என்னிடம் மிச்சமிருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்துதான் தீர்ந்துவிட்டது, அதைத் தனியாக விற்கவும் மாட்டேன் என்கிறார்கள்.