தரங்கிணியா, மாதேயியா?

இந்தியக் கடற்படையில் பாய்க்கப்பல் பழக இந்த இரண்டுமே உதவியிருக்கின்றன. ஐ.என்.எஸ். தரங்கிணி 54 மீட்டர் நீளம், மூன்று பாய்மரம். பயிற்சி வீரர்கள் குழுவாக மரமேறி, குறுக்குக் கட்டையில் வயிறு அழுந்தச் சாய்ந்து பாயைச் சுருட்டுவார்கள். பத்துக் கைகள் ஒரே கையாக இயங்கப் பழகுவது அங்கேதான்.

மாதேயி வேறு ரகம். 17 மீட்டர், ஒரே பாய்மரம். இரவுக் காவலில் சுக்கான் உங்கள் கையில். காற்று திரும்புவது முதலில் கன்னத்தில்தான் தெரியும். 2012-13இல் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றியது இதில்தான். ஆனால் சிலருக்கு மேல் இடமில்லை.

முதன்முதலாகக் கடலுக்குப் போகிறவர் என்றால் தரங்கிணிதான் சரி. அப்புறம், நடுக்கடலில் தானே முடிவெடுக்கப் பழக வேண்டுமா? எனக்கு மாதேயிதான்.