லா போசா: 40 டாலருக்கு வெட்டவெளியும் தண்ணீரும்

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே, 95ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி விரிந்து கிடக்கும் லா போசா பாலைவன முகாம் நிலத்தில், நானும் மனைவியும் வாடகை ஆர்.வி. ஒன்றில், அதாவது படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் உள்ள வீட்டு வண்டியில், பிப்ரவரி மாதத்தில் ஆறு இரவுகள் தங்கினோம். மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு ஆகிய மூன்றும் இல்லாமல், வண்டியில் உள்ளதை வைத்தே நாளை ஓட்டுவதைத்தான் அமெரிக்காவில் டிரை கேம்பிங் என்கிறார்கள்.

அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகம் 1983 முதல் நடத்திவரும் குளிர்கால முகாம் ஏற்பாட்டில் லா போசாவும் ஒன்று. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான முழுப் பருவத்துக்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்று, நாங்கள் போனபோது கட்டணம் இருந்தது. ஒதுக்கப்பட்ட இடம் என்று எதுவும் கிடையாது. அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஊரைச் சுற்றி ஹை ஜாலி, டோம் ராக், ஸ்காடன் வாஷ் எனப் பல இடங்களில் அதே பணியகத்தின் நிலத்தில் 14 நாள் வரை இலவசமாகவே தங்க முடியும்போது, இங்கே எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி எங்களுக்கும் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை அதற்கு விடை கிடைத்தது. எங்கள் வண்டியின் நன்னீர்த் தொட்டி 40 கேலன், அதாவது ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும் தொட்டியோ அதைவிடச் சிறியது. தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று நன்னீர் அளவையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், மற்றதை மறந்துவிட்டோம். மனைவி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கையில், அந்த நீர் வடிய வழியின்றி, குளியலறைத் தரைத் துளை வழியாகச் சோற்றுப் பருக்கைகளோடு மேலேறி வந்தது. கழிவுநீரை மணலில் கொட்டுவதற்கு இங்கே தடை உண்டு. இலவச நிலத்தில் இருந்திருந்தால் காசு கொடுத்துக் கொட்டும் இடத்தைத் தேடி வண்டியை ஓட்டியிருக்க வேண்டும். லா போசாவிலோ கழிவு வெளியேற்றும் நிலையமும், குடிநீர்க் குழாயும், குப்பைத் தொட்டிகளும் அனுமதிச் சீட்டுக்குள்ளேயே அடக்கம். முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்துவிட்டு, பிறகு சோப்பு நீர்த் தொட்டியைத் திறந்தால் அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். அதன்பிறகு பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்து, தெளிப்பான் புட்டியில் தண்ணீர் அடித்துக் கழுவப் பழகியதில், மீதி நாட்களுக்குத் தொட்டி தாங்கியது.

எங்கள் குறையெல்லாம் வண்டியின் மீதுதான். ஒரு பேட்டரியும் கூரையில் 100 வாட் சூரியத் தகடும் தாராளமாகப் போதும் என்று வாடகைக்குக் கொடுத்தவர்கள் அடித்துச் சொன்னார்கள். பகலில் சட்டையோடு உட்கார முடிகிற பாலைவனம், விடியற்காலையில் ஐந்து டிகிரிக்கு அருகே இறங்கிவிடுகிறது. வண்டியின் சூடேற்றி எரிவாயுவில் எரிந்தாலும், வெப்பக் காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியிலிருந்து ஏழு ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. ஐந்து மணி நேரம் ஓடினால், பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகில் 35 ஆம்பியர்-மணி போய்விடும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் நம் கையில் இருப்பது 50 மட்டுமே, விளக்கும் தண்ணீர் பம்பும் அதற்குள்தான். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு விசிறியின் சத்தம் முனகலாகத் தேய்ந்தது, அளவுமானியில் 11.7 வோல்ட். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது என்பதால், இருந்த போர்வையையெல்லாம் போர்த்திக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்தோம். அந்த விதியைத் தளர்த்தக் கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த நிசப்தத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

இடம் தேர்வதில் ஓர் எச்சரிக்கை. பாலோ வெர்டே மரங்கள் நிழல்தரும் மணற்பாங்கான ஓடைப்படுகைகள் கண்ணைக் கவரும், ஆனால் தொலைவில் பெய்யும் மழைக்குக்கூட அங்கே திடீரென வெள்ளம் வரும். கருங்கற்கள் நெருக்கமாகப் பதிந்த மேட்டுத்தரையே பாதுகாப்பானது, சக்கரமும் புதையாது. எரிவாயுக் குளிர்பெட்டி ஒழுங்காக ஓட வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதால், மரக்கட்டைகள் கொண்டுபோவது நல்லது.

ஊருக்குள் ஹை ஜாலி என்பவரின் கல்லறைப் பிரமிடு இருக்கிறது, உச்சியில் ஓர் ஒட்டக உருவத்தோடு. 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனச் சுமைப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றை ஓட்ட வந்தவர் அவர். அந்த ஒட்டகங்களுக்குத் தொட்டியும் இல்லை, பேட்டரியும் இல்லை என்று மனைவி சொன்னாள்.

ஜனவரியில் ஆர்.வி. கண்காட்சிக்காக இங்கே பெருங்கூட்டம் சேர்வதால், தனிமை வேண்டுவோர் பிப்ரவரி பாதிக்கு மேல் வருவது உத்தமம். நாங்கள் மறுபடியும் லா போசாவுக்கே போவோம், 40 டாலரைத் தயங்காமல் கட்டுவோம். வண்டியை எடுப்பதற்கு முன் மட்டும், பேட்டரி எத்தனை ஆம்பியர்-மணி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வோம்.