வின்ச்சா, சாஃப்ட் ஃப்ளோவா? திருப்பூர் சாயப்பட்டறைக்கு எது?

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, திருப்பூரில் சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது. துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷினை மாற்றலாமா என்று பலரையும் யோசிக்க வைப்பது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவுதான். வின்ச் என்பது தொட்டியில் நிற்கும் சாய நீருக்குள் துணியை உருளையால் சுற்றி இழுக்கும் மெஷின்; சாஃப்ட் ஃப்ளோ என்பது மூடிய கலனுக்குள் ஓடும் சாய நீரோடு துணியையும் நகர்த்தும் மெஷின்.

தண்ணீர்: 100 கிலோ துணிக்கு வின்ச்சில் ஒரு முறை நிரப்ப 1,500 முதல் 2,000 லிட்டர். சாஃப்ட் ஃப்ளோவில் 600 முதல் 800. சாயம், சோப்பு, அலசல் என்று பல முறை நிரப்ப வேண்டும்.

உப்பு: இதைத்தான் நிறைய பேர் கணக்கில் எடுப்பதில்லை. சாயம் துணியில் ஏற, லிட்டருக்கு இத்தனை கிராம் என்றுதானே உப்புப் போடுகிறோம்? அடர் நிறத்துக்கு 60 கிராம் என்றால் வின்ச்சில் 120 கிலோ வரை போகும். சாஃப்ட் ஃப்ளோவில் 48 கிலோவைத் தாண்டாது. பின்னால் கழிவுநீரை ஆவியாக்கிப் பிரிக்க வேண்டிய உப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

விலை: வின்ச் மலிவு, உள்ளூர் ஃபிட்டரே சரி செய்துவிடுவார். சாஃப்ட் ஃப்ளோ பல மடங்கு.

சாம்பிளும் சின்ன லாட்டும் மட்டும் என்றால் வின்ச் போதும். தினமும் கறுப்பு, நேவி ஓடுகிற பட்டறை கடன் வாங்கியாவது சாஃப்ட் ஃப்ளோவுக்கு மாறுவதே நல்லது. தண்ணீரிலும் உப்பிலும் மிச்சமாகும் பணம் மாதத் தவணையில் ஒரு பங்கைத் தாங்கும்.