859 ரூபாய்க்கு எது வாங்கலாம்? ஜியோவா, ஏர்டெல்லா?

2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது வந்த விலைகளை வைத்துப் பேசுகிறேன், ரீசார்ஜ் செய்யும் முன் ஆப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 84 நாளுக்கு 859 ரூபாய் கட்டினால் ஜியோவில் தினம் 2 ஜிபி, கூடவே அன்லிமிடெட் 5ஜி. அதே 859 ஏர்டெல்லில் தினம் 1.5 ஜிபிதான், அன்லிமிடெட் 5ஜி கிடையாது; அது வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி தரும் 979 பிளானுக்குப் போக வேண்டும். 120 ரூபாய் வித்தியாசம், வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 500-ஐத் தாண்டும்.

அப்போ ஜியோதானே என்றால், அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். 'அன்லிமிடெட்' என்பது போன் 5ஜியில் இருக்கும்வரைதான். சிக்னல் 4ஜிக்கு இறங்கிய நிமிடத்திலிருந்து அந்த 2 ஜிபி கரைய ஆரம்பிக்கும், அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ், வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போவதற்கே திணறும். அதனால் உங்கள் வீட்டுக்குள், நீங்கள் படுக்கிற அறையில், 5ஜி நிற்கிறதா என்பதுதான் பிளானின் உண்மையான மதிப்பு. கடைக்காரரோ விளம்பரமோ இதைச் சொல்வதில்லை, எனக்கு அதில் கோபமே உண்டு.

இரண்டு கம்பெனிகளும் 5ஜியைக் கட்டிய விதமே வேறு. வேகத்துக்கு இருவரும் நம்பியிருப்பது 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான். வெட்டவெளியில் பிரமாதமாக ஓடும், கான்கிரீட் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். ஜியோ 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்து வாங்கியது. அது தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும், ஆனால் அந்த அலைவரிசையின் அகலம் குறைவு என்பதால் பெரிய வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. அடுக்குமாடியின் உள்ளறையில் ஜியோ சுமாரான வேகத்திலாவது 5ஜியில் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், ஏர்டெல் 4ஜிக்கு இறங்கிவிடலாம். அந்த 4ஜி உங்கள் தெருவில் நன்றாக இருந்தால் வேலை ஓடும், டேட்டா மட்டும் கரையும்.

போனையும் பாருங்கள். ஏர்டெல் 5ஜி பெரும்பாலும் 4ஜியின் மேல் ஏறி ஓடுவது, அதனால் பழைய 5ஜி போன்களிலும் சிக்கல் குறைவு. ஜியோவுடையது 4ஜியைச் சாராமல் தனியாக நிற்கும் 'ஸ்டாண்ட்அலோன்' வகை. 5ஜி வந்த புதிதில் விற்ற சில போன்கள் இதற்கு ஒத்துழைக்காது, 700 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்கத் தேவையான 'என்28' பேண்டு இல்லாத போன்களும் உண்டு.

வி (வோடபோன் ஐடியா) 2025 மார்ச்சில்தான் மும்பையில் 5ஜி தொடங்கியது, உங்கள் ஊருக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம். பிஎஸ்என்எல் தன் உள்நாட்டு 4ஜியை 2025 செப்டம்பரில்தான் நாடு முழுக்கத் தொடங்கியது; குறைந்த செலவில் ஒரு நம்பரை உயிரோடு வைக்க நல்ல தேர்வு, வேகத்துக்காக அதை எடுக்க இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். பேச மட்டும் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு டேட்டா பிளானே வேண்டாம்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டாயப்படுத்தியதால் வந்த, டேட்டா இல்லாமல் போன் காலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள 84 நாள் பிளான் ஜியோவில் 448, ஏர்டெல்லில் 469 என்று வந்தது.

என் யோசனை இதுதான்: கம்பெனிகள் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள், ஆனால் அதற்கு உங்கள் வீட்டுச் சுவர் தெரியாது. மற்ற நெட்வொர்க் வைத்திருக்கும் நண்பரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ வரச் சொல்லி, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு, எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில், உள்ளறையில் ஓட்டிப் பாருங்கள். 5ஜி எங்குமே நிற்காத வீடு என்றால் 979 கட்டுவது வீண், 4ஜி எதில் நன்றாக வருகிறதோ அதில் 1.5 ஜிபி போதும். மாறுவதாக இருந்தால் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி போர்ட் கோடு வாங்கலாம், நம்பர் மாறாது. இருக்கும் பிளான் முடியப் போகும் வாரத்தில் செய்யுங்கள், மிச்ச நாளும் டேட்டாவும் புது கம்பெனிக்கு வராது.