35 வயதைத் திருப்பி அனுப்பிய படிவம்: சேலத்தில் ஒரு டெஸ்டிங் வகுப்பு

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நடக்கும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் (மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பது) வகுப்பில் மூன்று மாதம் படித்தேன். சனி, ஞாயிறு மட்டும், காலை 9.30 முதல் 1.30 வரை. கட்டணம் 18,000 ரூபாய், இரண்டு தவணை. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. வேறு எந்த வகுப்பில் சேர்வதாக இருந்தாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

நான் பி.காம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பிறந்தபின் ஆறு வருடம் வேலைக்குப் போகவில்லை. ப்ரோக்ராம் எழுதத் தெரியாது. டெஸ்டிங்குக்கு அது கட்டாயமில்லை என்று தம்பி சொன்னதால் துணிந்தேன்.

முதல் அனுபவமே சரியாக அமையவில்லை. அவர்களுடைய இணையப் பக்கத்தில் '18 வயது முதல் 35 வயது வரை' என்று போட்டிருந்தது. எனக்கு அதற்கு முந்தைய மாதம்தான் 35 முடிந்திருந்தது. படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் 'வயது வரம்புக்குள் இல்லை' என்று வந்தது. 35 என்றால் சேர்க்க மாட்டார்கள் போல என்று இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். வீட்டுக்காரர்தான் போன் போட்டுக் கேட்கச் சொன்னார். வரவேற்பில் இருந்த பெண், "அது அப்படித்தான் காட்டுமுங்க அக்கா, நேர்ல வாங்க, பதிஞ்சுக்கலாம்" என்றாள். போய்ச் சேர்ந்தேன்.

நான்காவது வாரம் பாடம் நடத்தும் மேடம் பலகையில் 17, 18, 35, 36 என்று நான்கு எண்களை எழுதினார். பெங்களூரில் பல வருடம் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பியவர் அவர். 'பவுண்டரி வேல்யூ' பாடம். ஒரு கட்டம் 18 முதல் 35 வரை ஏற்க வேண்டும் என்றால் எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. 18-க்குக் கீழே ஒரு கூட்டம், நடுவில் ஒரு கூட்டம், 35-க்கு மேலே ஒரு கூட்டம். கூட்டத்துக்கு ஒன்றாக 12, 25, 50 என்று போட்டாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அதற்குப் பெயர் 'ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷன்'. ஆனால் தவறு வரப்பின் மேல்தான் அதிகம் உட்கார்ந்திருக்கும். எழுதுபவர் 'சிறியது அல்லது சமம்' என்று போட வேண்டிய இடத்தில் 'சிறியது' என்று மட்டும் போட்டுவிடுவார். அதனால் இரண்டு வரப்பையும், வரப்பைத் தாண்டிய அடுத்த எண்ணையும் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் அந்த நான்கு எண்கள்.

நான் எழுந்து நின்று, "மேடம், உங்க படிவமே 35-ஐ எடுக்கலைங்க" என்றேன். வகுப்பு அமைதியானது. அவர் ஒன்றும் சொல்லாமல் ப்ரொஜெக்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். 17 போட்டார், மறுத்தது. 18, ஏற்றது. 36, மறுத்தது. 35, அதையும் மறுத்தது. யாரோ 25 போட்டுப் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று முடித்திருக்கிறார்கள். நான் அதனால் இரண்டு நாள், எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மீதிப் பாடம் முழுக்க அந்த ஒரு பிழையை வைத்தே நடந்தது. மூன்று சொற்களை அவர் பிரித்துக் காட்டிய விதம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. '35 வரை' என்பதை எழுதியவர் தப்பாகப் புரிந்துகொண்டது எரர். அது மனிதர் செய்வது. அதனால் நிரலுக்குள் போய் உட்கார்ந்த தப்பான குறி டிஃபெக்ட், நாம் பக் என்று சொல்வது. நான் திரையில் பார்த்த சிவப்பு எழுத்து ஃபெயிலியர். 35 வயதுக்காரர் ஒருவர் வரும்வரை அந்த டிஃபெக்ட் அங்கேயே கிடக்கும், ஃபெயிலியர் ஆகாது. ஒரு மாதமாக யாரும் புகார் சொல்லவில்லை என்றால் பிழை இல்லை என்று அர்த்தமில்லை, அந்த வழியில் யாரும் போகவில்லை என்றுதான் அர்த்தம். கம்ப்யூட்டர் அறிஞர் டைக்ஸ்ட்ரா இதே கருத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்: சோதனை பிழை இருப்பதைக் காட்டும், பிழையே இல்லை என்று ஒருபோதும் காட்டாது. டெஸ்டிங்கின் ஏழு கோட்பாடுகளில் முதலாவது இதுதான்.

பிறகு அந்தப் பிழைக்கு அறிக்கை எழுதச் சொன்னார். நான் எழுதியது: 'பதிவுப் படிவம் வேலை செய்யவில்லை.' திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேலை செய்யுதே, 25 போட்டா போகுதில்ல? இதைப் படிக்கிற டெவலப்பர் என்ன செய்வார் சொல்லுங்க" என்று கேட்டார். மூன்றாவது முறை எழுதியது இப்படி வந்தது. தலைப்பு: பதிவுப் பக்கத்தில் 35 வயது கொடுத்தால் 'வயது வரம்புக்குள் இல்லை' என்று மறுக்கிறது. படிகள்: பக்கத்தைத் திறக்கவும், மற்ற எல்லாக் கட்டங்களையும் சரியாக நிரப்பவும், வயதில் 35 இடவும், 'பதிவு செய்' அழுத்தவும். எதிர்பார்த்தது: பதிவு ஏற்கப்பட வேண்டும். நடந்தது: சிவப்பு எழுத்தில் மறுப்பு. எங்கே பார்த்தது: ஆண்ட்ராய்டு போன், குரோம். கூடவே ஸ்கிரீன்ஷாட் ஒன்று. ஆறு வருடம் வீட்டில் இருந்தபின் நான் எழுதிய முதல் வேலை இது. அதைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

இதன் செவரிட்டி என்ன, ப்ரியாரிட்டி என்ன என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். இரண்டும் ஒன்றே என்று நினைத்துத்தான் நான் வகுப்புக்கு வந்தேன். செவரிட்டி என்பது பிழையால் எவ்வளவு பாதிப்பு. ப்ரியாரிட்டி என்பது எவ்வளவு அவசரமாகச் சரிசெய்ய வேண்டும். மற்ற எல்லா வயதும் போகிறது, போன் செய்தால் நேரில் பதியலாம், அதனால் செவரிட்டி நடுத்தரம். ஆனால் அடுத்த பேட்ச் சேர்க்கை அந்த வாரமே தொடங்குகிறது, அதனால் ப்ரியாரிட்டி அதிகம். நான் செவரிட்டியும் அதிகம்தான் என்றேன். போன் செய்யாமலே விட்டுப் போனவர் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? மேடம் மறுக்கவில்லை. இப்படிக் காரணத்தோடு சொல்லத்தான் பழக வேண்டும் என்றார்.

ஒரு வாரத்தில் சரிசெய்துவிட்டார்கள். 35 போட்டேன், ஏற்றது. அது ரீடெஸ்டிங். சரி, முடிந்தது என்று எழுந்தோம். மேடம் விடவில்லை, 18 வயதில் தொடங்கி முழுப் பதிவையும் மறுபடி செய்யச் சொன்னார். இப்போது எந்த வயதுக்குமே ஓடிபி வரவில்லை! ஒரு குறியைத் திருத்தப் போய் வேறு எதையோ தட்டிவிட்டிருக்கிறார்கள். திருத்தியதால் மற்றது கெட்டதா என்று பார்ப்பதுதான் ரிக்ரஷன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இன்டர்வியூக்களில் அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு மனப்பாடம் செய்ய வேண்டியே வரவில்லை.

குவாலிட்டி கன்ட்ரோலுக்கும் குவாலிட்டி அஷ்யூரன்ஸுக்கும் உள்ள வேறுபாடும் இதிலேயே வந்துவிட்டது. படிவத்தைச் சோதித்துப் பிழையைப் பிடிப்பது கன்ட்ரோல், செய்து முடித்த பொருளைப் பார்ப்பது. இனி எந்த வரம்பு எழுதினாலும் ஓர எண்கள் உள்ளேயா வெளியேயா என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று வேலைமுறையை மாற்றுவது அஷ்யூரன்ஸ். நம் தமிழில் 'வரை' என்ற சொல்லே ஒரு சந்தேகத்தைக் கையோடு கொண்டுவருகிறது. '35 வயது உட்பட' என்று யாராவது ஆரம்பத்தில் எழுதியிருந்தால் இந்தப் பிழை பிறந்தே இருக்காது. தாளில் இருக்கும்போதே படித்துக் கேள்வி கேட்பதும் டெஸ்டிங்தான், அதற்கு ஸ்டாட்டிக் டெஸ்டிங் என்று பெயர்.

வெரிஃபிகேஷன், வேலிடேஷன் பாடத்தில் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. ஒருமுறை 10 அங்குலத்தில் ஒரு ஜோடி ஆர்டர் வந்தது. நீளம் சரி, எடை சரி, டச் (வெள்ளியின் தரம்) சரி, பற்றவைப்பு எங்கேயும் விடவில்லை. வாங்க வந்தவர் முகம் வாடிவிட்டது. அது பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு. அளவை யாரோ பெரியவர்கள் கொலுசைப் பார்த்துச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். சொன்னபடி செய்தோமா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன், அதில் அப்பாவுக்கு முழு மதிப்பெண். வேண்டியவருக்கு உதவுகிறதா என்பது வேலிடேஷன், அதில் கொலுசு தோற்றது. அப்புறம் அப்பா ஆர்டர் நோட்டில் 'யாருக்கு' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டார்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி வருவான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி முதல் பஸ்ஸில் வந்து சேர்வான். அவன் வீட்டில் சிக்னல் வந்து வந்து போகும். கட்டணப் பக்கத்தை அங்கிருந்து சோதித்தபோது பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்காததால் மறுபடி அழுத்தினான், இரண்டு ரசீது விழுந்தது. ஐந்து ரோட்டு வைஃபையில் எத்தனை முறை செய்தாலும் அந்தப் பிழை வராது. இடைவேளையில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே அவன் இதைச் சொன்னபோது நாங்களும் சோதித்துப் பார்க்க எல்லோரும் அவரவர் போனை எடுத்துவிட்டோம்.

இனி குறைகள். பாடத்தாள் பழையது. ஐஎஸ்டிக்யூபி என்ற சர்வதேச டெஸ்டிங் சான்றிதழ் அமைப்பின் ஃபவுண்டேஷன் (அடிப்படை நிலை) தேர்வுப் பாடத்திட்டத்தின் நான்காம் பதிப்பு 2023-இல் வந்துவிட்டது, இவர்கள் கொடுத்தது 2018-ஆம் ஆண்டுப் பதிப்பை ஒட்டியது. அதில் 'பெஸ்டிசைட் பேரடாக்ஸ்' என்று இருந்த கோட்பாடு, ஒரே சோதனைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் புதுப் பிழை கிடைக்காது என்பது, இப்போது 'டெஸ்ட்ஸ் வேர் அவுட்' என்று மாறியிருக்கிறது. மேடம் வாயால் சொன்னார், தாளில் இல்லை. தேர்வு எழுதுபவருக்கு இது சிரமம். பாடத்திட்டமும் சொற்களஞ்சியமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். தேர்வில் 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்குக் கூடுதலாக 15 நிமிடம் உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்மோக், சானிட்டி இரண்டும் வேறு என்று தாளில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஐஎஸ்டிக்யூபி சொற்களஞ்சியம் இரண்டையும் ஒரே பொருளில் வைக்கிறது. கம்பெனிகளில் பிரித்துப் பேசுகிறார்கள்: புதிதாக வந்த மென்பொருளின் அடிப்படை வேலைகள் ஓடுகின்றனவா என்று மேலோட்டமாகப் பார்ப்பது ஸ்மோக், திருத்திய பகுதியை மட்டும் சட்டென்று பார்ப்பது சானிட்டி. இரண்டையும் தெரிந்துவைத்து, 'உங்கள் இடத்தில் எதை அப்படிச் சொல்வீர்கள்' என்று இன்டர்வியூவில் கேட்டேன். இன்டர்வியூ எடுத்தவருக்கு அது பிடித்தது.

செலினியம் என்ற கருவியை வைத்து ஆட்டோமேஷன் (சோதனைகளைப் பிரவுசரில் தானாக ஓட வைப்பது) சொல்லித்தர இரண்டே வாரக்கடைசி. போதவே போதாது. லாகின் பக்கத்தைத் தாண்டவில்லை. ஆட்டோமேஷனுக்காகச் சேர்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

பெரிய மனக்குறை, வாசலில் தொங்கும் '100 சதவீதம் வேலை உறுதி' பேனர். என் விவரத்தை மூன்று இடத்துக்கு அனுப்பினார்கள், ஒன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டிய பிள்ளைகள் எங்கள் பேட்சில் இருந்தார்கள். அந்த பேனரை நம்பித்தான் கட்டினார்கள். அதை எடுத்துவிட வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். இதை எழுதும்வரை எடுக்கவில்லை.

எனக்கு வேலை நானே தேடியதில் கிடைத்தது. நகைக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் சிறிய இடம், சேலத்திலேயே. ஐந்து மாதம் ஆகிறது. எடை, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று தெரிந்த உலகம்தான்.

கையால் சோதிப்பதைச் சுத்தமாகக் கற்க, சொற்களைக் குழப்பமில்லாமல் பிடிக்க, இந்த மேடம் நடத்தும்வரை இந்த வகுப்புக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சேரும் முன் அவர்தான் நடத்துகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தோழிக்காகப் படிவத்தை நானே நிரப்பினேன். அவளுக்கும் 35. ஏற்றுக்கொண்டது. ஓடிபியும் வந்தது.